பெரிய கோயிலுக்கு அரை நாள்: நிமிர்ந்து பார்த்தது போதும், கொஞ்சம் குனிந்தும் பாருங்கள்

பொங்கல் விடுமுறையில் அப்பா அம்மாவையும் எட்டு வயது மகளையும் அழைத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து வருகிறோம், தஞ்சாவூரில் அரை நாள்தான் இருக்க முடியும், பெரிய கோயிலில் எதைத் தவறவிடக் கூடாது, கோபுர நிழல் தரையில் விழாதாமே உண்மையா, உள்ளே இருக்கிற சோழர் ஓவியங்களைப் பார்க்க விடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். நான் இந்த ஊர்க்காரன். சொந்தக்காரர்கள், நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று வருகிறவர்களையெல்லாம் இந்தக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பல வருடப் பழக்கம், அதனால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் நிழல். விழும். காலையில் போனால் மேற்கே விழும், சாயங்காலம் போனால் கிழக்கே நந்தியை நோக்கி நீண்டு கிடக்கும், எத்தனையோ பேர் அந்த நிழலில் உட்கார்ந்துகொண்டே "இந்தக் கோபுரத்துக்கு நிழலே விழாது" என்று பிள்ளைகளுக்குச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். சித்திரை மாதத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வரும்போது, அடி அகன்று நுனி குறுகிய கட்டடம் என்பதால், நிழல் அதன் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும், கதை அங்கேயிருந்து கிளம்பியிருக்கலாம். நீங்கள் வருகிற தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நடுப்பகலிலும் வடக்குப் பக்கத்தில் நிழல் இருக்கும். மகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்த நிழலில் நிற்க வையுங்கள், அவளுக்கே தெரிந்துவிடும்.

அதே மாதிரி உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல், சாரப்பள்ளம் என்கிற ஊரிலிருந்து சாரம் கட்டி யானையை வைத்து இழுத்து ஏற்றினார்கள் என்பதும் கதைதான். எட்டுப் பட்டையாகத் தெரிகிற அந்தச் சிகரம் பல கற்களைச் செதுக்கிப் பொருத்திக் கட்டியது. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது, ராஜராஜனுடைய பெருமையைக் குறைக்கிறேன் என்று நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. கருங்கல் குன்று ஒன்றுகூட இல்லாத ஊர் இது. ஏறத்தாழ 216 அடி உயரத்துக்கு, 13 நிலைகளுக்கு, அத்தனை கல்லையும் வெளியூரிலிருந்துதான் கொண்டு வந்திருக்கிறார்கள், புதுக்கோட்டைப் பக்கத்துக் குன்றுகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அப்புறம் அந்த விமானம், அதாவது கருவறைக்கு மேலே எழுகிற அந்தக் கோபுரம், உள்ளே கூடு. கருவறையைச் சுற்றி இரண்டு சுவர், நடுவில் ஒரு சுற்றுப்பாதை, மேலே போகப் போக ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி வைத்து, நுனியில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு மேல் அசையாமல் நிற்கிறது. இதற்கு மேல் ஒரு கதை எதற்கு?

ஓவியங்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் இப்போதே சொல்லிவிடுகிறேன், பார்க்க முடியாது.

சரி, எப்போது போவது. காலையில் நடை திறக்கிற 6 மணிக்கே போய்விடுங்கள். கோயில் கிழக்குப் பார்த்தது, காலை வெயில் முகப்பில் நேராக விழும், வாசலில் நின்று பார்த்தால் கல் அப்படியே தேன் நிறத்தில் இருக்கும். சாயங்காலம் அதே வாசலில் நின்றால் சூரியன் விமானத்துக்குப் பின்னால் போய்விடுவதால் கருப்பு உருவம்தான் தெரியும். பதினொரு மணிக்கு மேல் வெறுங்காலோடு முற்றத்தில் நடப்பது பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் கஷ்டம். ஒரு வருடம் மே மாதம், நான்தான் புத்தியில்லாமல் ஒரு மணி வெயிலில் அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன், சின்னவனுக்கு இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் வந்து இரவெல்லாம் அழுதான். தை மாதத்தில் அவ்வளவு இருக்காது, இருந்தாலும் அப்பா அம்மாவுக்கு ஒரு ஜோடி பருத்திக் காலுறை கையில் வைத்துக்கொள்ளுங்கள். கருவறை தரிசனம் மதியம் மூடி மாலை 4 மணிக்குத் திறப்பார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. மாட்டுப் பொங்கல் அன்று பெரிய நந்திக்குக் காய்கறி, பழங்களாலேயே அலங்காரம் செய்வார்கள், பார்க்கக் கண்கொள்ளாது, ஆனால் கூட்டமும் அப்படித்தான். சிற்பத்தையும் கல்வெட்டையும் நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த நாளையும் பிரதோஷத்தையும் விட்டுவிட்டு வேறு நாள் வாருங்கள்.

கோட்டைச் சுவரில் இருக்கிற பிற்கால வாசலைத் தாண்டியதும் வருவது கேரளாந்தகன் திருவாயில், ஐந்து நிலை. சேரநாட்டு வெற்றியின் நினைவாக ராஜராஜன் எடுத்துக்கொண்ட பட்டப்பெயர் அது. அதற்கு அடுத்தது இராஜராஜன் திருவாயில், மூன்று நிலை. எல்லோரும் இந்த இரண்டையும் தாண்டி, நேராக நந்திக்கு ஓடி, ஒரு படம் எடுத்துக்கொண்டு, தரிசனத்துக்கு வரிசையில் நின்று, வெளியே வந்து கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் இராஜராஜன் திருவாயிலில் ஒரு பத்து நிமிடம் நில்லுங்கள். இரண்டு பக்கமும் நிற்கிற துவாரபாலகர்களைத்தான் அண்ணாந்து பார்ப்பீர்கள், பார்க்க வேண்டியதுதான், அவ்வளவு பெரிய உருவங்கள். ஆனால் பார்த்து முடித்ததும் குனிந்து அந்த வாயிலின் அடித்தளத்தைப் பாருங்கள். சாண் அளவு, முழ அளவுச் சின்னச் சின்னச் சட்டங்களில் மார்க்கண்டேயன் கதை, கண்ணப்பர் கதை, சண்டேசர் கதை, அர்ச்சுனன் பாசுபதம் பெற்ற கதை எல்லாம் வரிசையாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 216 அடிக் கோயில் கட்டியவர்கள் முழங்கால் உயரத்தில் இத்தனை நுணுக்கமாக வேலை செய்திருக்கிறார்கள், அந்த உயரம் உங்கள் மகளுடைய கண்ணுக்குச் சரியாக இருக்கும். அவள் பாட்டியிடம் கதை கேட்டுக்கொண்டே பார்க்கட்டும்.

அவளுக்கு இன்னொரு வேலையும் கொடுங்கள். இந்தக் கோயிலில் ஒரு துவாரபாலகர் காலடியில் ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். எந்த வாசலில், எந்தப் பக்கம் என்று நான் சொல்லப் போவதில்லை, அவளே தேடட்டும். அது கிடைத்ததும் இதைச் சொல்லுங்கள்: யானை எவ்வளவு பெரியது என்று நமக்குத் தெரியும், அதை விழுங்குகிற பாம்பு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும், அந்தப் பாம்பே காலடியில் சுருண்டு கிடக்கிறது என்றால் இந்தக் காவல்காரர் எவ்வளவு பெரியவர், அவரே கையைக் காட்டி "உள்ளே இருப்பவர் என்னைவிடப் பெரியவர்" என்கிறார். எனக்கு என் தாத்தா இப்படித்தான் சொன்னார். அளவைச் சொல்ல ஒரு சிற்பி கண்டுபிடித்த வழி இது, எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும்.

இப்போது நான் எழுத உட்கார்ந்ததற்கான விஷயம். விமானத்தை ஒரு சுற்று வரும்போது எல்லோருடைய கழுத்தும் மேலேதான் இருக்கும். இடுப்பளவிலும் நெஞ்சளவிலும் இருக்கிற அடித்தளத்தைப் பாருங்கள். கல் முழுக்க எழுத்து. யாரோ எழுதி வைத்த புகழ் மொழி என்று நினைத்து நகர்ந்துவிடாதீர்கள், இந்தக் கோயிலின் கணக்குப் புத்தகமே அதுதான். கி.பி. 985 முதல் 1014 வரை ஆண்ட ராஜராஜன், தன்னுடைய 25-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1010-ல், 275-ஆம் நாள் விமானத்து உச்சியில் வைக்கப் பொன் வேய்ந்த செப்புக்குடம் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. குடத்தின் எடை 3,083 பலம், மேலே போர்த்திய பொன் தகடு இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம் கழஞ்சு என்று அந்தக் கால நிறைகளில் எடை போட்டு எழுதியிருக்கிறார்கள்.

"நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று ராஜா வாயால் சொன்னதாக அந்தக் கல்வெட்டு சொல்கிறது. அக்கன் என்றது குந்தவையை. இந்த வரியை நான் பத்தாம் வகுப்பில் படித்தபோது ஒன்றும் தோன்றவில்லை. பிறகு ஒருநாள் அந்தக் கல் முன்னால் நின்று, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் விரலைக் கல்லில் படாமல் ஓட்டிக்கொண்டே படித்துக் காட்டினார். "கொடுத்தன" என்று இல்லையடா, "குடுத்தன" என்று இருக்கிறது பார் என்றார். நாம் கட்டிய என்று சொல்ல "நாம் எடுப்பிச்ச", இருபத்தைந்துக்கு "இருபத்தைஞ்சு", மொழிந்தருள என்பதற்கு "மொழிஞ்சருள". எங்கள் வீட்டில் அம்மா பேசுகிற தமிழ். எதிரே நிற்கிற அந்தப் பெரிய மலையைக் கட்டிய ராஜாவும் "குடுத்தான், வச்சான்" என்றுதான் பேசியிருக்கிறான், அதை எழுதிய ஓலைக்காரரும் வெட்டிய தச்சரும் திருத்தாமல் அப்படியே கல்லில் வைத்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் எனக்கு இந்தக் கோயில் சொந்தமானது.

அந்த எழுத்து நமக்குப் புரியாது என்று பயப்பட வேண்டாம். முதல் பார்வைக்கு வேற்றுமொழி மாதிரி இருக்கும், ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்த யாரும் அரை மணி நேரத்தில் சில சொற்களைப் பிடித்துவிடலாம். க என்பது கூட்டல் குறி மாதிரி இருக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. ர-வும் துணைக்காலும் ஒரே மாதிரி ஒரு கோடு. ப, ட, ம, ய எல்லாம் இன்றைக்கு நாம் எழுதுவதற்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. கல்வெட்டின் தொடக்கத்தில் "ஸ்வஸ்தி ஸ்ரீ" என்று, வடமொழியை எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தில் இருக்கும், அதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது. அதற்கு அப்புறம் "திருமகள் போல" என்று ராஜராஜனுடைய மெய்க்கீர்த்தி, அதாவது அவனுடைய வெற்றிகளைச் சொல்கிற புகழ் வரிகள், தொடங்குகிற இடம் எதுவென்று தேடுங்கள். தை மாதக் காலை வெயில் தென்கிழக்கிலிருந்து வருவதால் தெற்குச் சுவரில் சாய்வாக விழும், ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் கட்டி எழுத்து எழுந்து நிற்கும். எட்டு மணிக்குள் அங்கே இருந்தால் அந்தக் காட்சி கிடைக்கும். நிழலில் இருக்கிற பக்கங்களுக்கு கைபேசி வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கவாட்டிலிருந்து அடித்தால் போதும். எழுத்து தெரியவேண்டும் என்று சிலர் திருநீற்றையோ சுண்ணக்கட்டியையோ எடுத்துத் தேய்க்கிறார்கள், கெஞ்சிக் கேட்கிறேன், யாராவது செய்தால் தடுங்கள். அது கல்லின் நுண்துளைகளில் போய்த் தங்கிவிடும்.

படித்தால் என்னவெல்லாம் கிடைக்கிறது தெரியுமா? சோழநாட்டின் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 ஆடல் மகளிரைக் கொண்டுவந்து குடியேற்றி, ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் கொடுத்திருக்கிறார்கள். எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவில் எந்தப் பக்கத்து வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊரிலிருந்து வந்தவள், பேர் என்ன என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள், பெயருக்கு முன்னால் நக்கன் என்று வரும். தையற்காரரான தையான், துணி வெளுக்கிற ஈரங்கொல்லி, முடி திருத்துகிற நாவிசன், கட்டடத்துத் தலைமைத் தச்சர் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன், எல்லோருக்கும் இந்தக் கல்லில் இடம் இருக்கிறது. ராஜா தன்னுடைய பெயரையே பட்டமாக நாவிசனுக்கும் கொடுத்திருக்கிறார், ராஜராஜப் பெருநாவிசன் என்று. உலகத்தில் எத்தனையோ பெரிய கட்டடங்கள் இருக்கின்றன, அவற்றில் துணி வெளுத்தவரையும் முடி வெட்டியவரையும் மறக்காமல் எழுதிவைத்தவை எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு விளக்கு எரிய 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை. அதை வைத்துக்கொண்டு இடையர் ஒருவர் தினமும் ஓர் உழக்கு அளவு நெய் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். ஆடு செத்தாலும் குட்டி போட்டு எண்ணிக்கை நின்றுகொண்டே இருக்கும் என்பதால் கல்வெட்டுகளில் இப்படிக் கொடுத்தவற்றைச் "சாவா மூவாப் பேராடு" என்பார்கள். கோயில் பணத்தை ஊர்ச்சபைகளுக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டரை சதவீத வட்டிக்குக் கொடுத்து, வட்டிப் பணத்தில் சாமியின் நீராட்டு நீரில் போட ஏலக்காயும் செண்பக மொட்டும் இலாமச்சை வேரும் வாங்கியிருக்கிறார்கள். இலங்கையில் இருந்த ஊர்களிலிருந்துகூட இந்தக் கோயிலுக்கு வருமானம் எழுதி வைத்திருக்கிறார்கள். படியளக்கிற மரக்காலுக்கும் எடைக்கல்லுக்கும் இங்கே இருக்கிற நடராசரின் பெயரையே வைத்து ஆடவல்லான் என்று அழைத்திருக்கிறார்கள்.

விமானத்துக்கு வடக்கே ஒட்டினாற்போல் இருக்கிற சண்டிகேசுவரர் சன்னதியில் எல்லோரும் கையைத் தட்டிவிட்டு, "கோயில் சொத்து எதையும் எடுத்துப் போகவில்லை" என்று காட்டிவிட்டுப் போகிறோம் இல்லையா, அந்தப் பழக்கத்துக்கும் இந்தக் கணக்குக்கும் உறவு இருக்கிறது. கோயிலின் கொடுக்கல் வாங்கல் எல்லாம் சண்டேசுவரர் பெயரில்தான் நடந்திருக்கின்றன. சிவனுடைய கணக்கப்பிள்ளை அவர். அந்தச் சன்னதியும் ராஜராஜன் காலத்தது, பெரிய விமானத்தின் குட்டி மாதிரி இருக்கும். பின்னால் வந்தவை மற்றவை, அதையும் தெரிந்துகொண்டு பார்த்தால் நல்லது: அம்மன் கோயில் பாண்டியர் காலம், பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலம், வடமேற்கு மூலையில் இருக்கிற சுப்பிரமணியர் கோயிலும் நாயக்கர் காலம். சுப்பிரமணியர் கோயிலை மட்டும் விட்டுவிடாதீர்கள், கல்லை மரம் மாதிரி இழைத்திருக்கிறார்கள். தென்மேற்கில் மராத்தியர் காலத்தில் எழுந்த பிள்ளையார் கோயில், அதை ஒட்டிய திருச்சுற்றுச் சுவரில் இரண்டாம் சரபோசி 1803-ல் வெட்டுவித்த மராத்தி மொழிக் கல்வெட்டு, போன்சலே வம்ச வரலாறு. சோழன் கணக்கு எழுதிய கோயிலில் மராத்திய ராஜாவும் தன் குடும்பக் கதையை எழுதிவைத்திருக்கிறார். முற்றத்தைச் சுற்றி ஓடுகிற திருச்சுற்று மாளிகையை எடுப்பித்தது ராஜராஜனின் சேனாபதி கிருஷ்ணன் ராமன்.

இவ்வளவு எழுதி வைத்திருந்தும், 19-ஆம் நூற்றாண்டின் கடைசிவரை இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்று சரியாகச் சொல்ல ஆள் இல்லை. கரிகாலன் கட்டியதாகத் தலபுராணம் சொன்னது, ஊரும் நம்பியது. 1886-ல் சென்னை அரசின் கல்வெட்டறிஞராக வந்த ஜெர்மன்காரர் ஹூல்ஷ் இந்தச் சுவர்களைப் படித்த பிறகுதான் ராஜராஜன் பெயர் திரும்பி வந்தது. தினம் ஆயிரக்கணக்கான பேர் சுற்றி வந்த கோயில், யாரும் குனிந்து படிக்காததால் கட்டியவன் பெயர் மறந்துபோயிருந்தது. நான் வருகிறவர்களிடம் குனியுங்கள் குனியுங்கள் என்று நச்சரிப்பதற்கு இதுதான் காரணம்.

மேலேயும் பார்க்க வேண்டியது உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. விமானத்துச் சுவரின் கீழ் வரிசை மாடங்களில் விதவிதமான உருவங்கள், மேல் வரிசையில் மட்டும் வில் பிடித்த திரிபுராந்தகர், முப்புரம் எரித்த சிவன், திரும்பத் திரும்ப வருவார். போருக்குப் போகிற ராஜாவுக்குப் பிடித்த வடிவம் அது என்று அறிஞர்கள் சொல்வது எனக்குச் சரியாகத்தான் படுகிறது. வடக்குப் பக்கத்தில் மேலே தொப்பி வைத்த வெள்ளைக்காரர் உருவம் ஒன்றை வழிகாட்டிகள் காட்டுவார்கள், வெள்ளைக்காரன் வருவான் என்று ராஜராஜனுக்கு அப்போதே தெரியும் என்பார்கள். அது பிற்காலத்து வேலை என்று கொள்வதே பொருத்தம். ரகுநாத நாயக்கர் 1620-ல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்களுக்கு இடம் கொடுத்தவர், அந்தக் காலத்திலேயே தஞ்சாவூருக்குத் தொப்பிக்காரர்கள் பழக்கம்தான்.

இப்போது ஓவியம். கருவறையைச் சுற்றி இருக்கிற அந்த இருட்டான சுற்றுப்பாதையின் சுவர்களில்தான் அவை இருக்கின்றன. நாயக்கர் காலத்தில் பழைய ஓவியத்தின் மேலேயே ஒரு பூச்சுப் பூசிப் புதிதாக வரைந்துவிட்டார்கள். 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி உள்ளே போய், உதிர்ந்த இடத்தில் அடியில் வேறு ஓவியம் இருப்பதைக் கண்டார். வெள்ளை யானையில் சுந்தரரும் குதிரையில் சேரமான் பெருமாளும் கைலாசத்துக்குப் போகிற காட்சி, தேரில் நின்று அம்பு தொடுக்கிற திரிபுராந்தகர், தில்லைக் கூத்தன் முன்னால் ராஜாவும் அரசியரும். தொல்லியல் துறை பிறகு மேல் அடுக்கையும் சேதமாகாமல் தனியே பிரித்தெடுத்துப் பாதுகாத்தது. அதற்கு மேல் தளத்தில் சிவனே ஆடுகிற கரணச் சிற்பங்கள் (கரணம் என்பது நடன நிலை), 108-ல் 81 மட்டும் செதுக்கி முடித்திருக்கிறார்கள், மீதி 27-க்கு வெறும் கல் காத்துக்கொண்டிருக்கிறது. இவை எதுவும் பொதுமக்களுக்குத் திறப்பதில்லை. யாராவது "நான் ஏற்பாடு செய்கிறேன், ஆளுக்கு இவ்வளவு" என்று வந்தால் தயவுசெய்து போகாதீர்கள், என் நண்பர் ஒருவர் அப்படிப் பணத்தைக் கொடுத்து ஏமாந்தார். மூச்சுக்காற்றின் ஈரமும் கைபடுவதும்கூட அந்தச் சுண்ணப் பூச்சுக்கு ஆகாது, மூடி வைத்திருப்பது எனக்கு முழுச் சம்மதம். திருச்சுற்றில் தொல்லியல் துறையின் விளக்கக் கூடம் இருக்கிறது, திறந்திருந்தால் அங்கே அந்த ஓவியங்களின் பெரிய புகைப்படங்களைப் பார்க்கலாம். 108 கரணங்களையும் முழுசாகப் பார்க்க ஆசையிருந்தால் ஒருநாள் சிதம்பரம் கோபுர வாசல்களுக்குப் போங்கள்.

மற்ற சில்லறை விஷயங்கள். வழிபாடு நடக்கிற கோயில் என்பதை மறக்கக் கூடாது, உடையைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள், கருவறைப் பக்கம் கேமராவை எடுக்காதீர்கள், வெளியே எவ்வளவு வேண்டுமானாலும் எடுக்கலாம். அடித்தளத்து விளிம்புகளில் ஏறி உட்கார்ந்து படம் எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும், அவர்கள் உட்கார்ந்திருப்பது எழுத்தின் மேல். அப்பா அம்மாவுக்குப் படி ஏற முடியாவிட்டால் வருத்தப்பட வேண்டாம், கருவறைக்குத்தான் படி, முற்றத்தைச் சமதரையில் சுற்றி வரலாம், நான் சொன்னதில் முக்கால்வாசி அங்கேயே இருக்கிறது. பெருவுடையார் லிங்கம் மிகப் பெரியது, கூட்டமில்லாத காலையில் அர்த்தமண்டபத்துக்கு வெளியிலிருந்தே நன்றாகத் தெரியும். வழிகாட்டி வைத்துக்கொள்வதானால் முதலில் "கல்வெட்டு படித்துக் காட்டுவீர்களா" என்று கேளுங்கள், காட்டுவேன் என்பவரோடு போங்கள்.

அரை நாள்தான் என்றால் காலை 6-லிருந்து 9 வரை கோயில், பிறகு டிபன் சாப்பிட்டுவிட்டு அரண்மனைக் கலைக்கூடம். அங்கே திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனதேவர், அதாவது காளை மேல் சாய்ந்து நிற்கிற சிவன், செப்புத் திருமேனி இருக்கிறது, 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்தது, பெரிய கோயில் முடிந்த அடுத்த வருடம். பக்கத்தில் காளை இல்லை, ஆனால் அவர் கையை மடித்துச் சாய்ந்து நிற்கிற தோரணையில் காளை இருக்கிறது என்று நமக்கே தெரியும். தலைப்பாகை மாதிரி சுற்றிக் கட்டிய சடையைப் பின்னால் போயும் பாருங்கள். தாராசுரத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் இதே நாளில் திணிக்காதீர்கள், இரண்டுக்கும் தனியாக ஒரு நாள் வேண்டும்.

எப்படியாவது மாலையும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், 5 மணிக்குத் திரும்பக் கோயிலுக்கு வந்து, இந்தத் தடவை விமானத்துக்குப் பின்பக்கம், பிள்ளையார் கோயில் பக்கத்துப் புல்தரையில் அப்பா அம்மாவை உட்கார வையுங்கள். மேற்கு வெயில் விமானத்தின் முதுகில் ஏறி, கீழ் நிலைகள் ஒவ்வொன்றாக இருட்ட, கடைசியில் சிகரத்தில் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். ஓதுவார் தேவாரம் பாடுகிற நேரமாக இருந்தால் எழுந்து உள்ளே போய்க் கேளுங்கள். இந்தக் கோயிலில் திருப்பதிகம் பாட 48 பேர், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேரை நியமித்து, ஆளுக்குத் தினம் முக்குறுணி நெல் என்று ராஜராஜன் கல்லில் எழுதி வைத்திருக்கிறார், அவர்கள் பெயர்களோடு.